சார்ஜ் போட இடம் எங்கே? மாநகராட்சி சொல்ல வேண்டிய பதில்

பெட்ரோல் பங்க் நடத்துவது எந்த மாநகராட்சியின் வேலையும் அல்ல. எண்ணெய்க் கம்பெனிகள் அதைக் கவனித்துக்கொள்கின்றன. மின்சார வண்டி வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. வண்டி எங்கே இரவு முழுவதும் நிற்கிறதோ, அங்கேதான் சார்ஜ் ஏற வேண்டும். மும்பையில் ஏழை எளியவரின் வண்டி நிற்கும் இடமோ மாநகராட்சியின் தெரு. ஆகவே, சார்ஜ் வசதி செய்து தருவது யார் பொறுப்பு என்ற கேள்வி இன்று மாநகராட்சியின் வாசலில் வந்து நிற்கிறது.

சட்டத்தில் தடை ஏதும் இல்லை. 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி மின்சாரம் விற்க லைசென்ஸ் வேண்டும். ஆனால், வண்டிக்கு சார்ஜ் ஏற்றுவது மின்சார விற்பனை அல்ல, அது ஒரு சேவையே. அதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரலில் விளக்கம் கொடுத்தது. 2022 ஜனவரியில் வெளியான வழிகாட்டு விதிகள், நகரங்களை 3 கி.மீ. நீளமும் 3 கி.மீ. அகலமும் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பொது சார்ஜிங் நிலையமாவது இருக்க வேண்டும் என்றன. அரசு அமைப்புகள் தங்கள் நிலத்தை இதற்குக் கொடுத்து, யூனிட்டுக்கு ஒரு ரூபாய் பங்கு பெறவும் வழி செய்தன. 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தின் ரூ.10,900 கோடியில், ரூ.2,000 கோடி சார்ஜிங் நிலையங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. விதியும் இருக்கிறது, பணமும் இருக்கிறது. பலன் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதே கேள்வி.

தாதரில் ஒன்று, தாராவியில்?

2021 நவம்பரில் தாதர் கோஹினூர் பொது வாகன நிறுத்துமிடத்தில் மாநகராட்சியின் சார்ஜிங் நிலையம் திறக்கப்பட்டது. அப்போதைய மாநில சுற்றுச்சூழல் அமைச்சர் ஆதித்ய தாக்கரே அதைத் திறந்து வைத்தார். நல்ல காரியம்தான். கார் வைத்திருப்பவருக்கு அது பெரிய உதவி. தாதர் அடங்கிய அதே ஜி-வடக்கு வார்டில்தான் தாராவியும் இருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

தாராவிக்காரரிடம் கார் இல்லை. இருப்பது ஸ்கூட்டர், அதுவும் தவணையில் வாங்கியதாக இருக்கும். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் தயாராகும் மின்சார ஸ்கூட்டர்கள் இன்று மும்பைத் தெருக்களில் ஓடுகின்றன. சாப்பாட்டு டெலிவரி செய்யும் இளைஞர்களுக்கும், விடியற்காலையில் இட்லி, வடை கொண்டு செல்லும் வியாபாரிகளுக்கும் பெட்ரோல் செலவு குறைந்தால் அதுவே சம்பள உயர்வு. ஆனால், காருக்கான வேக சார்ஜரின் இணைப்பு சாதாரண ஸ்கூட்டருக்குப் பொருந்தாது. ஸ்கூட்டருக்கு அது தேவையும் இல்லை. அதன் பாட்டரி சுமார் 3 யூனிட் பிடிக்கும். கூடவே தரப்படும் சார்ஜர் பெரும்பாலும் ஒரு கிலோவாட்டுக்கும் குறைவாகவே இழுக்கும். 60 கிலோவாட் வேக சார்ஜர் ஒன்றுக்கு வேண்டிய மின்சாரத்தில் அறுபது ஸ்கூட்டர்கள் ஒரே சமயத்தில் சார்ஜ் ஆகலாம்.

இடம் இல்லாதவர் கணக்கில் இல்லை

அரசாங்க விதிகளைப் படித்தால் ஒன்று புலப்படும். எல்லாமே வண்டி நிறுத்தும் இடத்தை வைத்துக் கணக்குப் போடுகின்றன. மாதிரிக் கட்டட விதிகளில் 2019-ல் செய்த திருத்தம், புதுக் கட்டடங்களில் வண்டி நிறுத்தும் இடத்தில் 20 சதவிகிதத்துக்கு சார்ஜ் வசதி வேண்டும் என்கிறது. நிறுத்தும் இடமே இல்லாத சாலுக்கும் குடிசைக்கும் இருபது சதவிகிதம் என்றால் எவ்வளவு? பூஜ்யம்தான்.

இதன் விளைவு என்ன? மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து ஒயர் தொங்குகிறது. அல்லது பாட்டரியைக் கழற்றிக்கொண்டு போய், குழந்தைகள் படுத்திருக்கும் ஒற்றை அறையில் சார்ஜ் போடுகிறார்கள். 2022 மார்ச்சில் வேலூரில், இரவு சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் உயிரிழந்தார்கள். அதன் பிறகு பாட்டரிகளுக்கான பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. எனினும், குறுகலான அறையில் விதி மட்டும் காவல் நிற்காது.

வரியிலும் இதே கதைதான். வீட்டு மின்சாரத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பொது நிலையத்தில் சார்ஜ் ஏற்றினால் அது சேவை என்பதால் 18 சதவிகித ஜி.எஸ்.டி. உண்டு. வீட்டில் கார் நிறுத்த இடம் உள்ளவருக்கு வரி இல்லை. இடம் இல்லாமல் வெளியே போகிறவருக்கு வரி!

கையில் இருக்கும் வசதி

வேறு எந்த நகரசபைக்கும் எளிதில் வாய்க்காத ஒரு வசதி மும்பைக்கு உண்டு. பெஸ்ட் நிறுவனம் 1947 முதல் மாநகராட்சியின் சொத்து. கொலாபாவிலிருந்து மாஹிம், சயான் வரை வீடுகளுக்கு மின்சாரம் கொடுப்பதும் அதுவே. பஸ் ஓட்டுவதும் அதுவே. மின்சாரமும் நிலமும் ஒரே கையில் இருக்கின்றன.

லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் நகரசபை 2020-ல் ஒரே தெருவில் 24 விளக்குக் கம்பங்களை சார்ஜ் போடும் கம்பங்களாக மாற்றியது. வீட்டில் வண்டி நிறுத்த இடம் இல்லாதவர்களுக்கு அது உதவியது. அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. நடைபாதையில் கூட்டம், மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர், இரவில் திருட்டு. ஆனால், அதில் உள்ள யோசனை நல்லது. பஸ் டெப்போக்கள், மாநகராட்சி மார்க்கெட்டுகள், இரவில் காலியாகக் கிடக்கும் பள்ளி வளாகங்கள் ஆகிய இடங்களில் மேடான மேடை, மேலே கூரை, மீட்டருடன் வரிசையாகச் சாதாரண பிளக்குகள், ஒரு காவலாளி. இதற்குக் கோடிகள் தேவையில்லை.

பஸ் போக்குவரத்தில் நஷ்டப்படும் பெஸ்ட் இதையும் சுமக்க வேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இது இனாம் அல்ல. யூனிட்டுக்குக் காசு கொடுக்க மக்கள் தயார். பெட்ரோலுக்குக் கொடுப்பதைவிட அது குறைவு என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் கேட்பது சலுகை அல்ல, இடம்.

2022 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த மாநகராட்சி, ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அதிகாரியின் கையில் இருந்தது. யாரிடம் போய்க் கேட்பது என்பதே மக்களுக்குத் தெரியவில்லை. 2026 ஜனவரியில் தேர்தல் நடந்து, 227 வட்டங்களுக்கும் கவுன்சிலர்கள் வந்துவிட்டார்கள். இனி அந்தக் குறை இல்லை. தங்கள் வட்டத்தில் இரண்டு சக்கர வண்டிகளுக்கு எத்தனை பிளக்குகள், எந்தத் தெருவில், யூனிட் என்ன விலை, பழுதானால் சரி செய்வது யார் என்ற நான்கு கேள்விகளை வாக்காளர்கள் எழுதிக் கொடுத்துப் பதிலும் எழுத்தில் பெற வேண்டும். சார்ஜிங் நிலையங்களின் எண்ணிக்கையை மட்டும் கேட்டால், கார்களுக்கான கணக்கைத்தான் காட்டுவார்கள்.