பெயரை வைத்துப் பரம்பரை சொல்லலாமா?

"சேர், கொனர் மெக்கிரெகர் அயர்லாந்துக்காரர்தானே?" என்று ஒரு மாணவன் கேட்டான். ஆள் டப்ளினில் பிறந்தவர்தான். பெயரோ ஸ்கொட்லாந்துக் குலமொன்றினுடையது. "மெக்" என்றால் மகன், அரபியில் "பின்" என்பது போல. இரு நாடுகளிலும் உண்டு.

1603இல் ஸ்கொட்லாந்து அரசு மெக்கிரெகர் என்ற பெயரையே தடை செய்தது. மீறினால் மரண தண்டனை. பலர் கேம்பல், டிரமண்ட், கிராண்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். 1774இல்தான் தடை முற்றாக நீங்கியது.

ஆகவே பெயரை மட்டும் பார்த்து வம்சம் பேசுவது பிழை என்பது என் கருத்து. பிறப்பு, விவாகப் பதிவுகளைத் தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கித் தேட வேண்டும்.

அதற்கு முன் வீட்டு மூத்தவர்களிடம் கேளுங்கள். வாப்பாவின் வாப்பாவுக்கு வாப்பா யார்? நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள்.