பெரட்டு மணியும் நம் தூக்கமும்

தூக்கம் வராவிட்டால் கள்ளையோ சம்சுவையோ நாடுவது நம்மில் சிலருக்கு வழக்கம். அது கண்ணை மூடவைக்கும். நடுச்சாமத்தில் எழுப்பியும் விடும். காரணத்தையன்றோ முதலில் பார்க்கவேண்டும்?

புக்கிட் பெலிம்பிங் வட்டாரத்தில் நம்மவர் விடியுமுன் பால்மரம் வெட்டப் போனது வீம்புக்கன்று; வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். ஆனால் 1982-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி தீபகற்பத்தின் கடிகாரம் அரைமணி முன்தள்ளப்பட்டது. சூரியன் நகரவில்லை! பழைய மணிக்கே பெரட்டு வைத்தால் அரைமணி இருட்டு நம் தலையில்தான் விடிகிறது. பெரட்டு நேரம் பேசும்போது இதைக் கேட்பது நம் உரிமை.

உடம்புக்குள்ளும் ஒரு கடிகாரம் உண்டு. அது இயங்கும் விதத்தைக் கண்ட மூன்று அமெரிக்க விஞ்ஞானிகள் 2017-ல் நோபல் பரிசு பெற்றனர். வெளிச்சத்தை வைத்தே அது நேரமறிகிறது. ஆகவே நாலு மணிக்கு எழுபவர் ஒன்பதுக்கே விளக்கை அணைக்கவேண்டும், லீவு நாளிலுங்கூட. பகல் தூக்கம் அரைமணி போதும். மாலையில் குடித்த கோப்பியின் வேகம் பாதியாகவே ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். இரவில் செக்ரோலோடு உட்காரும் கிராணிமாரும் கேட்டுக்கொள்க! படுக்கையில் புரள்வதைவிட எழுந்து உட்கார்ந்து, தூக்கம் வந்தபின் படுப்பது மேல்.

வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதம் இப்படியே போனால் அது நோய்; டாக்டரைப் பார்க்கவேண்டும். பலத்த குறட்டையோடு மூச்சும் திணறினால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம்.