குப்பைப் பையில் கிடக்கும் ஊசி யார் கையில் ஏறுகிறது?

ரத்தப் பரிசோதனை அறையில் குழாய் நிறைந்ததும் வேலை முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நோயாளி பஞ்சை அழுத்திக்கொண்டு எழுந்துவிடுகிறார். குழாய் ஆய்வகத்துக்குப் போகிறது. ரத்தம் எடுத்தவர் அடுத்த சீட்டைப் பார்க்கிறார். அந்த ஊசி எங்கே போனது? அதை எடுத்தவர் யார்? எடுத்தவர் கையில் உறை இருந்ததா? இதை யாரும் கேட்பதில்லை. நாங்கள் கேட்கிறோம். ஏனென்றால் அந்த ஊசி கடைசியாகப் போய்ச் சேரும் கை, பெரும்பாலும் எங்கள் தெருவைச் சேர்ந்த கை.

"இது மருத்துவ விஷயம், இதில் எதற்குச் சாதியை இழுக்கிறீர்கள்?" என்று கேட்க ஒரு கூட்டம் எப்போதும் தயாராக இருக்கிறது. அவர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். பக்கத்தில் இருக்கும் எந்தப் பெரிய மருத்துவமனைக்கும் போய், வார்டைக் கூட்டுகிறவர்களும் குப்பைப் பையைக் கட்டித் தூக்குகிறவர்களும் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று விசாரித்துவிட்டு வரட்டும். சாதியை நாங்கள் உள்ளே இழுத்து வரவில்லை. அது துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு ஏற்கெனவே அங்கேதான் நிற்கிறது.

தொடுதலும் கையுறையும்

ரத்தம் எடுப்பது தொட்டுச் செய்யும் வேலை. கையைப் பிடிக்க வேண்டும், நரம்பைத் தடவிப் பார்க்க வேண்டும், குழந்தையாக இருந்தால் சமாதானம் சொல்ல வேண்டும். தீண்டாமை தன் முகத்தைக் காட்டுவதற்கு இதைவிட வசதியான இடம் இல்லை.

இது எங்கள் கற்பனை அல்ல. 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்து 2006இல் நூலாக வெளிவந்த தீண்டாமை பற்றிய ஆய்வு, மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் வர மறுத்ததைப் பதிவு செய்தது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் 200 தலித் குழந்தைகளிடம் சங்கமித்ரா ஆச்சார்யா நடத்திய ஆய்வு 2010இல் வெளிவந்தது. மருந்து வாங்கும்போதும் பரிசோதனை செய்துகொள்ளும்போதும் பத்துக்கு ஒன்பது முறை அந்தக் குழந்தைகள் பாகுபாட்டைச் சந்தித்ததாக அது சொல்கிறது. மருத்துவமனையில் சேர்க்க மறுப்பது மட்டுமல்ல, சேர்த்த பிறகு தீண்டாமையின் பெயரால் பாகுபாடு காட்டுவதும் குற்றம் என்று 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சட்டம் வந்து இத்தனை ஆண்டுக்குப் பிறகும் ஊசி போடும் மேசையில் அது வந்து சேரவில்லை.

கையுறையைப் பற்றி எங்களிடம் இரண்டு விதமான புகார்கள் வருகின்றன. "எங்களுக்கு முன்னால் வந்தவருக்கு வெறுங்கையால் எடுத்தார்கள், எங்களைப் பார்த்ததும் உறையை மாட்டினார்கள்" என்பது ஒன்று. "காலையிலிருந்து ஒரே உறையோடு எல்லோருக்கும் எடுக்கிறார்கள்" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் விடை ஒன்றுதான். ஒரு நோயாளிக்கு ஒரு ஜோடி உறை. அதைக் கழற்றியதும் கை கழுவ வேண்டும். அடுத்தவருக்குப் புதிய ஜோடி. கலெக்டர் வந்தாலும் சரி, கட்டடத் தொழிலாளி வந்தாலும் சரி. எங்களுக்கு மட்டும் மாட்டினால் அது தீண்டாமை. யாருக்கும் மாட்டாவிட்டால் அலட்சியம். மாட்டியதை மாற்றாவிட்டால் ஒருவர் நோயை இன்னொருவருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை.

1980களில் எச்.ஐ.வி. பரவியபோது மருத்துவ உலகம் ஒரு விதியை வகுத்தது. யாருடைய ரத்தத்தையும் முகத்தைப் பார்த்து எடை போடாதே. எல்லோருடைய ரத்தத்திலும் தொற்று இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு எல்லோரிடமும் ஒரே கவனத்தோடு நடந்துகொள். ஆளைப் பார்த்து 'சுத்தம்', 'அசுத்தம்' என்று முடிவு செய்வது சாதியின் பழக்கம். அந்தப் பழக்கம் மருத்துவத்தில் ஆளைக் கொல்லும் என்பதால்தான் இந்த விதி வந்தது. இந்த ஒரு விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தாலே அந்த மேசையில் சாதிக்கு வேலை இருக்காது.

சரியாக எடுப்பது என்றால் என்ன?

எங்கள் பிள்ளைகள் பலர் இப்போது லேப் டெக்னீஷியன் படிப்பு படிக்கிறார்கள். எங்கள் பெற்றோர்கள் சர்க்கரைக்கும் சிறுநீரகத்துக்கும் மாதாமாதம் ரத்தம் கொடுக்கிறார்கள். இரண்டு தரப்பும் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்கிறோம்.

முதலில் பெயர். "நீங்கதானே முனியம்மா?" என்று கேட்டால் காய்ச்சலில் இருப்பவர் எதற்கும் தலையாட்டிவிடுவார். "உங்க பேர் என்னம்மா, வயசு என்ன?" என்று கேட்டு அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். பெயர் எழுதிய சீட்டை, ரத்தம் எடுத்த கையோடு, நோயாளியின் எதிரிலேயே குழாயில் ஒட்ட வேண்டும். பத்துப் பேருக்கு எடுத்துவிட்டுப் பிறகு உட்கார்ந்து ஒட்டினால் குழாய் மாறும். ரத்தப் பிரிவு பார்க்க எடுத்த குழாய் மாறிப்போனால் உயிரே போகும்.

அடுத்து ரப்பர் பட்டை. ஊசி குத்தும் இடத்துக்கு நான்கைந்து விரல்கடை மேலே கட்ட வேண்டும். நரம்பு கிடைக்கவில்லை என்று நிமிடக் கணக்கில் இறுக்கி வைத்தால் ரத்தத்தின் அளவுகள் மாறும். ஸ்பிரிட் பஞ்சால் 30 நொடி துடைத்து, அது தானாகக் காய விட வேண்டும். துடைத்த இடத்தை மறுபடி விரலால் தடவினால் துடைத்ததற்கு அர்த்தம் இல்லை. ஊசியை வெளியே எடுப்பதற்கு முன்பே பட்டையை அவிழ்க்க வேண்டும். எடுத்த பிறகு கையை மடக்கச் சொல்லாமல், நீட்டியபடி பஞ்சை அழுத்தச் சொன்னால் ரத்தம் கட்டாது.

குழாய்களுக்கும் வரிசை உண்டு. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு ரசாயனம் இருக்கிறது. அது பொட்டாசியம் பார்க்கும் குழாயில் கொஞ்சம் கலந்தாலும் பொட்டாசியம் பொய்யாக உயர்ந்து காட்டும், கால்சியம் குறைந்து காட்டும். குழாயை மருந்துப் பாட்டில் போலக் குலுக்கினால் ரத்த அணுக்கள் உடையும். அப்போதும் பொட்டாசியம் கூடும். மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும்.

இதெல்லாம் சின்ன விஷயம் போலத் தெரியும். கூலி வேலைக்குப் போகிறவருக்குச் சின்ன விஷயம் இல்லை. "ரிசல்ட் சரியில்லை, நாளைக்கு வந்து மறுபடி கொடுங்க" என்பது அவருக்கு ஒரு நாள் கூலி, ஒரு பஸ் கட்டணம், மறுபடி ஒரு வெறும் வயிறு. "வெளியே எடுத்துட்டு வாங்க" என்றால் இரண்டு நாள் கூலி. பொய்யான முடிவை உண்மை என்று நம்பி மருந்து கொடுத்தால் அதற்கு விலையே சொல்ல முடியாது. தவறு நடந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே, ஏழையின் நேரத்துக்கு மதிப்பில்லை என்ற எண்ணத்திலிருந்து வருவதுதான்.

குழாய் நிறைந்த பிறகு

இப்போது அந்த ஊசிக்கு வருவோம். பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடக் கூடாது. இரண்டு கையாலும் மூடியைப் பொருத்தும்போதுதான் ரத்தம் எடுப்பவர்கள் பலர் தங்களையே குத்திக்கொள்கிறார்கள். குத்தித் துளைக்க முடியாத பெட்டி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், ஊசி உடலை விட்டு வந்த அடுத்த நொடி அதில் விழ வேண்டும். பெட்டி முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிட வேண்டும்.

2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. ஊசியும் கத்தியும் வெள்ளை நிறப் பெட்டிக்கு. ஊசி நீக்கிய சிரிஞ்சும் கையுறையும் சிவப்புக்கு. ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சளுக்கு. கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும். வேலைக்குச் சேரும்போதும் அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையாவதும் உடல் பரிசோதனை செய்ய வேண்டும். பாதுகாப்பு உபகரணமும் பயிற்சியும் தர வேண்டும். விதியில் 'ஒப்பந்தத் தொழிலாளர் நீங்கலாக' என்று எங்கேயும் இல்லை. நடைமுறையில்தான் அது இருக்கிறது.

எங்களுக்குத் தெரிந்த ஓர் அக்கா, ஒரு மருத்துவமனையில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். கறுப்புப் பையை இறுக்கிக் கட்டும்போது உள்ளேயிருந்த ஊசி உள்ளங்கையில் ஏறியது. சூப்பர்வைசரிடம் சொன்னார். "டெட்டால் போட்டுக் கழுவிட்டு வேலையைப் பாரு" என்றார் அவர். எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. மருத்துவமனை, "அவங்க எங்க ஸ்டாஃப் இல்ல, கம்பெனி ஆளு" என்றது. கம்பெனி, "குத்துனது ஆஸ்பத்திரி ஊசிதானே" என்றது. தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா அக்கா என்று நாங்கள் கேட்டபோது, "கொரோனா ஊசியா?" என்று திருப்பிக் கேட்டார்.

ஹெபடைடிஸ் பி தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி, தடுப்பூசி போடாதவரைக் குத்தினால் 100இல் 6 முதல் 30 பேருக்கு அது தொற்றக்கூடும். காய்ந்த ரத்தத்திலும் அந்தக் கிருமி ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். எச்.ஐ.வி.க்கு அந்த ஆபத்து ஏறக்குறைய 300இல் ஒன்று. ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசியே கிடையாது. குழந்தைகளுக்கான ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நாடு முழுமைக்கும் வந்ததே 2011இல்தான். 45 வயது அக்காவுக்குச் சிறுவயதில் அதைப் போட்டிருக்க வாய்ப்பில்லை. மூன்று தவணை ஊசியில் தடுக்கக்கூடிய ஒரு நோய்க்கு அவரை நிராயுதபாணியாக நிறுத்துகிறார்கள். மலக்குழியில் இறக்கிவிடும் அதே மனம்தான் இங்கேயும் வேலை செய்கிறது.

ஊசி குத்திவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒவ்வொரு தூய்மைப் பணியாளரும் தெரிந்துகொள்ளுங்கள். காயத்தை அழுத்திப் பிதுக்காதீர்கள். விரலை வாயில் வைக்காதீர்கள். டெட்டாலோ ஸ்பிரிட்டோ பிளீச்சிங் பவுடரோ வேண்டாம். சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். உடனே மருத்துவரிடம் போய் 'ஊசி குத்திவிட்டது' என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று மருத்துவர் சொன்னால், முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், தாமதமானாலும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். இதைத் தருவது யாருடைய தயவும் அல்ல. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டத்தின் 19ஆம் பிரிவு, ஆபத்துள்ள இடத்தில் வேலை செய்யும் எல்லோருக்கும் பாதுகாப்பு உபகரணமும் பயிற்சியும் இந்த மருந்தும் தரச் சொல்கிறது.

ரத்தம் எடுப்பவர் நம் எதிரி அல்ல

இதைப் படித்துவிட்டு லேப் டெக்னீஷியன்கள் மீது பாய வேண்டாம். காலை ஏழு மணிக்கு வரிசையில் நூறு பேர், எடுக்க ஒரே ஆள், அவரும் ஒப்பந்தத்தில் என்றால் எந்த விதி நிற்கும்? உறைப் பெட்டி வாரக் கடைசியில் தீர்ந்துவிடுகிறது. ஊசிப் பெட்டி ஸ்டோர் ரூமில் பூட்டிக் கிடக்கிறது. அவசரத்தில் மூடியைப் போட்டு, எட்டிய பையில் வீசுகிறார். அவர் விரலிலும்தான் ஊசி ஏறுகிறது. வேலை போய்விடும் என்று அவரும்தான் மறைக்கிறார். சரியாக எடுக்க நேரமும் பொருளும் கொடுக்காமல், தவறு நடந்ததும் கடைசி ஆளை நீக்கிவிட்டுக் கோப்பை மூடும் நிர்வாகமே நாம் கேள்வி கேட்க வேண்டிய இடம்.

ஆனால் ரத்தம் எடுக்கும் தோழர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் வீசும் ஊசிக்கும் அதை அள்ளும் கைக்கும் இடையில் இருப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். அதை நினைத்துப் பெட்டியில் போடுங்கள். பெட்டி இல்லை என்றால் எழுதிக் கேளுங்கள். அந்தக் கடிதத்தில் தூய்மைப் பணியாளரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

நாங்கள் கேட்பது இவைதான்:

1. நேரடிப் பணி, ஒப்பந்தம் என்ற பேதமின்றி ஒவ்வொரு மருத்துவமனைத் தூய்மைப் பணியாளருக்கும் மூன்று தவணை ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும், போட்டதற்கான அட்டையும்.

2. ரத்தம் எடுக்கும் ஒவ்வொரு மேசையிலும் வெள்ளை நிற ஊசிப் பெட்டி. அது இல்லாத நாளில் பொறுப்பு நிர்வாகத்துக்கு.

3. ஊசி குத்திய ஒவ்வொரு சம்பவத்துக்கும் பதிவேடு. இரவுப் பணியிலும் தடுப்பு மருந்து கிடைக்க ஏற்பாடு. அந்த நாட்களுக்குச் சம்பளப் பிடித்தம் கூடாது.

4. ரத்தம் எடுப்பவர்களுக்கான பயிற்சியில் தூய்மைப் பணியாளர்களும் உட்கார வேண்டும், அதே அறையில், அதே நாற்காலியில். தீண்டாமை தண்டனைக்குரியது என்பதும் பாடத்தில் இருக்க வேண்டும்.

இதில் எதுவும் புதிய சட்டம் கேட்பதல்ல. பெரும்பகுதி ஏற்கெனவே விதியாக இருப்பதுதான். உங்கள் ஊர் மருத்துவமனையில் எத்தனை தூய்மைப் பணியாளர்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடப்பட்டது, கடந்த ஓராண்டில் எத்தனை ஊசிக் காயங்கள் பதிவாயின என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்கு ஒரு மனு போடுங்கள். 'பூஜ்யம்' என்று பதில் வந்தால் யாரையும் ஊசி குத்தவில்லை என்று நம்பிவிடாதீர்கள். குத்தியதை எழுத யாரும் இல்லை என்றும் அதற்குப் பொருள் உண்டு. அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு போய் அந்த அக்காக்களிடமே கேளுங்கள்.