புற்றின் பெயரைத் தமிழிற் சொல்லுக!

முகவைக் கடற்கரை மீனவனுக்குக் காற்றின் பெயர் தெரியும். வாடை எது, கொண்டல் எது, கச்சான் எது, சோழகம் எது என்று அவன் மயங்குவதில்லை. மயங்கினால் கடல் அவனைத் திருப்பித் தாராது. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் தொண்டியிலும் அத்துணைக் கூரிய சொல்வளத்தோடு வாழும் அவன், மனைவியின் மார்பில் தோன்றிய கட்டிக்கு மருத்துவம் நாடி மதுரைக்கோ சென்னைக்கோ சென்று மீளுங்கால், அவன் கையில் இருப்பது ஓர் ஆங்கிலத் தாள். யாருடைய உயிரைப் பற்றி அதில் எழுதப்பட்டுள்ளதோ அவருக்கு மட்டும் அது விளங்காது. இதனினும் கொடிய மொழியடிமை வேறு உண்டோ?

அத்தாளில் 'பாசிட்டிவ்' என்றொரு சொல் வரும். கடைத்தெருவில் அச்சொல்லுக்கு நல்லது, நம்பிக்கை தருவது என்றே பொருள். சதைத்துணுக்கு ஆய்விலோ, தேடிய நோய் உளது என்று பொருள். அறுத்தெடுத்த கட்டியின் விளிம்பு 'நெகட்டிவ்' என்றிருப்பின், வெட்டிய ஓரத்தில் புற்றுக் காணப்படவில்லை என்பதாம், அது நற்செய்தி. நற்செய்தியைப் படித்து அழவும் தீச்செய்தியைப் படித்து மகிழவும் வைக்கும் மொழி அறிவியல் மொழியாம்! 'புற்று உளது', 'விளிம்பிற் புற்று இல்லை' என்றெழுதினால் மருத்துவத்தின் எப்பகுதி இடிந்து விழும்? கதிர் மருத்துவத்தை நம் மக்கள் 'கரண்ட் வைத்தல்' என்கின்றனர். உடலில் மின்னைப் பாய்ச்சுவார்கள் என்றெண்ணி நடுங்கும் முதியோர்க்கு, அது மின்னன்று, புற்றை அழிக்கும் ஊடுருவு கதிர் என்று எடுத்துரைப்பார் இலர்.

இந்நோய்க்கு மேலையர் இட்ட பெயர் நண்டு. சில கட்டிகளைச் சுற்றிப் புடைத்த குருதிக் குழல்கள் நண்டின் கால்கள் போலத் தோன்றியமையால் கிரேக்கர் அவ்வாறு அழைத்தனர். இலத்தீன் வழியாக அது 'கேன்சர்' ஆயிற்று. தமிழன் இட்ட பெயர் புற்று. எது நோயை நன்கு காட்டுகின்றது? முகவையின் பனங்காட்டில் கறையான் புற்றைக் கண்டவர் அறிவர். மேலே தெரிவது சிறிது. அடியில் மண்ணுள் ஊடுருவியது பெரிது. மேற்புற்றை இடித்துத் தள்ளினும், உள்ளே தாய்க்கறையான் இருக்குமளவும் அது மீண்டும் எழும். மழை பெய்தவுடன் ஈசல் பறந்து, வேறிடத்தே வீழ்ந்து, அங்கொரு புற்றைத் தொடங்கும். 'மெட்டாஸ்டாசிஸ்' என்று மருத்துவ மாணவன் நாக்குழற மனப்பாடம் செய்வது இதனைத்தான். ஈசல் எங்கே சென்று புற்றெழுப்பினும் அதே இனக் கறையானே அங்கும் பெருகும். அங்ஙனமே, மார்பகப் புற்று எலும்பிற் சென்று தங்கினும் அது மார்பகப் புற்றே. அதற்குரிய மருந்தே அதற்கும். 'மார்பில் ஒரு புற்று, எலும்பில் வேறொரு புற்று' என்று கலங்கும் குடும்பத்திற்கு இவ்வொரு சொல்லே விளக்கமாகும்.

கட்டி யாவும் புற்றல்ல. ஓரிடத்தே நின்று மெல்ல வளர்ந்து, அண்டைத் தசையை அரிக்காததற்குக் கழலை என்னும் பழஞ்சொல் நம்மிடம் உண்டு. புற்று யாவும் கட்டியுமல்ல. குருதிப் புற்றிற் கட்டியே தோன்றாதிருக்கலாம். 'கிரேடு', 'ஸ்டேஜ்' இரண்டும் ஒன்றெனப் படித்தவரே மயங்குகின்றனர். நுண்ணோக்கியில் அந்நோய்க் கலங்கள் இயல்பினின்று எவ்வளவு திரிந்துள்ளன என்பது தரம். உடலில் நோய் எவ்வளவு தொலைவு சென்றுள்ளது என்பது நிலை. தணிதல் வேறு, தீர்தல் வேறு. நோய்க்குறி குறைந்தோ மறைந்தோ இருக்கும் காலம் தணிவு. அப்போதும் மருத்துவர் குறித்த நாளிற் சென்று காட்டவேண்டும். தீர்ந்தது என்றெண்ணி வலையோடு கடலுக்குப் போய்விட்டவன், மீண்டும் எழுந்த நோயைக் காலங்கடந்து காண்கின்றான்.

தமிழால் இயலாது என்பார்க்குக் கடலுக்கு அப்பால் விடை உளது. 1847இல் யாழ்ப்பாணம் போந்த அமெரிக்க மருத்துவர் சமுவேல் கிறீன், மானிப்பாயில் 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். ஆங்கிலத்திற் கற்றவன் சம்பளம் தேடி ஊரை விட்டகல்வான் என்பதை அவ்வெள்ளையர் உணர்ந்திருந்தார். நம்மவர் இன்னும் உணர்ந்திலர். அவர் உடற்கூற்றியலுக்கு இட்ட 'அங்காதிபாதம்' வடசொல்லே; அக்குறை அக்காலத்துப் புலவரது குறை. ஈழத்துப் பள்ளி நூல்கள் இன்று 'டிஷ்யூ'வை இழையம் என்றும் 'செல்'லைக் கலம் என்றும் சொல்கின்றன. இங்கோ ஆங்கில ஒலியைச் சற்றே வளைத்துத் 'திசு' என்றாக்கித் தமிழ் என்று மகிழ்கின்றோர் உளர். தனுசுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட சிறு நீர்ப்பரப்பைக் கடந்து இச்சொற்கள் வருவதை எந்தக் கடற்படை தடுத்தது?

தனித்தமிழ் அன்பர்க்கும் ஒரு சொல். நோயர் ஒருவருக்கும் விளங்காத சொல்லைப் புனைந்து அச்சிட்டுவிட்டு, தமிழுக்குத் தொண்டு செய்துவிட்டோம் என்று ஓய்வது தகாது. பாம்பனிற் பாசி எடுக்கும் பெண் கேட்டவுடன் தலையசைக்கும் சொல்லே வேண்டும். அவளிடம் சென்று கேளாமல் அது கிட்டாது.

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நாற்கூறாக்கி, நோயுற்றவனையே முதற்கண் நிறுத்தியது. இன்றைய மருத்துவத்தில் அவன் பெருவிரல் மட்டுமே தேவைப்படுகின்றது, மையில் தோய்ப்பதற்கு. ஆய்வுக்கென ஒருவர் தந்த இசைவைக்கொண்டு, உயிர்காக்கும் உடனடித் தேவை நேர்ந்தாலன்றி, உறுப்பை அகற்றலாகாது என்றும், நோயின் தன்மையையும் பண்டுவத்தின் பயனையும் இடரையும் மாற்று வழியையும் விளக்கிய பின்னரே இசைவு பெறல் வேண்டும் என்றும் இந்திய உச்ச முறைமன்றம் 2008இல் தீர்ப்பளித்துள்ளது. தமிழ் மட்டுமே அறிந்தவருக்கு ஆங்கிலத்தில் விளக்குவது எவ்வகை விளக்கம்?

2022இல் இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் மாணாக்கர் முதலிற் காணும் நோயர் இக்கடற்கரை மக்களே. ஆகவே இக்கோரிக்கை இங்கிருந்தே எழல்வேண்டும்: ஆய்வு முடிவுத் தாள் ஒவ்வொன்றன் பின்புறத்தும் புற்று உளதா இலதா, எவ்வுறுப்பில் தொடங்கியது, எந்நிலை, எத்தரம், அடுத்துச் செய்வது யாது என்ற ஐந்தும் தமிழில் எழுதப்படல் வேண்டும். ஆய்வுக்கான இசைவும் அறுவைக்கான இசைவும் தமிழில் இருவேறு தாள்களாக இருத்தல் வேண்டும். படிக்கவியலாதவருக்குப் படித்துக் காட்டியவர் தம் பெயரை அத்தாளிலேயே எழுதிக் கையொப்பமிடல் வேண்டும்.