தூபக்காலும் சின்னஞ்சிறு மூச்சும்

நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். மூன்று மாத காலம் ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டு அவருடைய பெண் குழந்தை அன்றுதான் வீடு வந்திருந்தது. 27-வது வாரத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்த குழந்தை. பிறந்தபோது எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. மாலையில் பாட்டியம்மாள், நம் வீடுகளின் வழக்கப்படி, தூபக்காலில் கங்கு எடுத்துச் சாம்பிராணி தூவப் போனார். "வேண்டாம், அத்தை! புகையே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்று நண்பர் பதறினார். "உங்கள் சம்சாரமும் இந்தப் புகையில் வளர்ந்தவள்தானே, மாப்பிள்ளை?" என்றார் அம்மையார். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்குரிய விடையையே இவ்வாரம் நேயர்களுக்கு எழுத உத்தேசித்தோம்.

வளர்ந்த மனிதனின் நுரையீரலில் முப்பது கோடிக்குக் குறையாத சிற்றறைகள் உண்டு. காற்றிலுள்ள பிராண வாயு இரத்தத்தில் கலப்பது அவற்றில்தான். கருவில் அவை மெய்யாக உருவாகத் தொடங்குவது ஏறக்குறைய 36-வது வாரத்திலே. பெரும்பாலானவை பிறந்த பிறகே தோன்றுகின்றன. 27-வது வாரத்துக் குழந்தைக்கு இருப்பவை வெறும் பைகளே. அப்பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் ஒருவித வழவழப்பான பூச்சும் அப்போது போதிய அளவு சுரந்திருப்பதில்லை. இப்பூச்சின் குறைவே குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத் திணறலுக்குக் காரணம் என்பதை 1959-ல் அமெரிக்காவில் மேரி எல்லன் ஏவரி என்ற பெண் டாக்டரும் ஜீர் மீட் என்பவரும் எடுத்துக் காட்டினார்கள்.

காரணம் தெரிந்துவிட்டது, மருந்து கிடைத்தபாடில்லை. 1963-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஓர் ஆண் மகவு ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தது. எடை நாலரை ராத்தலுக்குச் சற்று அதிகம். அந்நாட்டின் செல்வமும் வைத்தியமும் ஒன்றுகூடியும் அக்குழந்தையை 39 மணி நேரத்துக்குமேல் காக்க இயலவில்லை. (ஏழாம் மாதத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை பிழைக்காது என்று நம்மவர் சொல்வதற்கு இதை யாரும் சான்றாக்க வேண்டாம். கருவில் கழியும் ஒவ்வொரு வாரமும் லாபமே.)

பிறகு சுவாச யந்திரங்கள் வந்தன. பிராண வாயு மிகுந்த காற்றை அழுத்தத்தோடு உள்ளே செலுத்தி, இறந்திருக்கக்கூடிய குழந்தைகளைப் பிழைக்க வைத்தார்கள். ஆனால் 1967-ல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த எக்ஸ்-ரே நிபுணர் வில்லியம் நார்த்வேயும் அவருடைய சகாக்களும் ஒரு விசித்திரத்தைக் கண்டு வெளியிட்டார்கள். யந்திரத்தால் பிழைத்த குழந்தைகள் சிலரின் படங்களில் முதல் நோய் மறைந்து, வேறொரு நோய் படிப்படியாகக் குடியேறியிருந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் பிராங்கோபல்மனரி டிஸ்பிளேசியா.

உயிரைக் காத்த பொருளே நுரையீரலைப் புண்படுத்தியது என்பதுதான் இதில் நெஞ்சை உறுத்துவது. நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கே பிராண வாயு. அது மிகுந்தால் மெல்லிய சவ்வுகள் வெந்து போகின்றன. யந்திரத்தின் அழுத்தம் அவற்றைக் கிழிக்கிறது. காயம் பட்ட இடத்தைக் காக்க வெள்ளணுக்கள் ஓடி வருகின்றன. வந்தவை, கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் ரசங்களை அங்கேயே கொட்டுகின்றன. இதுவே அழற்சி. தாயின் கருப்பையில் நோய்க் கிருமி புகுந்திருந்தால் இவ்வழற்சி பிறக்கும் முன்பே ஆரம்பித்துவிடுவதும் உண்டு. அழற்சி நீடித்தால் சிற்றறைகள் பெருகாமல், சிலவாகவும் பெரியவாகவும் நின்றுவிடுகின்றன.

அழற்சியை அடக்கினால் போதுமே என்று தோன்றும். அவ்வாறே 1990-க்குப் பிந்திய வருஷங்களில் டெக்ஸாமெதஸோன் என்ற மருந்தைக் குழந்தைகளுக்குத் தாராளமாகக் கொடுத்தார்கள். குழந்தைகள் யந்திரத்தை விட்டு விரைவில் விடுபட்டன, எல்லோருக்கும் மகிழ்ச்சி. சில வருஷங்கள் கழித்து அவர்களுள் பலர் நடக்கத் தடுமாறியபோதுதான், மருந்து மூளையின் வளர்ச்சியைத் தாக்கியிருப்பது விளங்கிற்று. 2002-ல் அமெரிக்கக் குழந்தை வைத்திய சங்கத்தார் அதை வழக்கமாகக் கொடுக்கலாகாது என்று எச்சரித்தார்கள். வைத்தியர்களைக் குறை கூறுவது நமது நோக்கமன்று; கண்முன் திணறும் சிசுவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பை யார்தான் பழிப்பார்கள்?

அதே இனத்து மருந்தைப் பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஊசியாகப் போட்டால், அது நன்மையே செய்கிறது. நியூஸிலாந்தில் லிக்கின்ஸும் ஹவியும் 1972-ல் இதை நிரூபித்தார்கள். குறைந்த பூச்சை வெளியிலிருந்து ஊற்றும் முறையை ஜப்பானில் புஜிவாரா 1980-ல் செய்து காட்டினார். இக்காலத்தில் குழாயைத் தொண்டைக்குள் இறக்காமல் மூக்கின் வழியே மென்மையாகக் காற்றூட்டுகிறார்கள். பிராண வாயுவையும் அளந்தே தருகிறார்கள். காபிப் பிரியரான நேயர்கள் மகிழ ஒரு செய்தி: மூச்சுவிட மறக்கும் சிசுக்களுக்குக் காபியின் சத்தான கேபீனையே கொடுக்கிறார்கள். ஏறத்தாழ 2,000 குழந்தைகளிடம் செய்த பரிசோதனையின் முடிவு 2006-ல் வெளியாயிற்று. கேபீன் பெறாதவரில் நூற்றுக்கு 47 பேருக்கு இந்த நுரையீரல் நோய் கண்டது. பெற்றவரில் 36 பேருக்கு. வீட்டில் காபிக் கஷாயம் புகட்டிவிடாதீர்கள். அதை டாக்டர்தான் அளந்து கொடுக்க வேண்டும்.

ஆயினும் நோய் ஒழிந்தபாடில்லை. முன்பு பிழைக்கவே முடியாதிருந்த மிகச் சிறிய சிசுக்கள் இன்று பிழைப்பதே அதற்கு ஒரு காரணம். 2020-ல் நமது தேசத்தில் மட்டும் சுமார் 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. இந்நோய் கண்ட குழந்தைகளுக்கு முதல் இரண்டு வருஷங்களில் சாதாரண ஜலதோஷமும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துச் செல்லும். நார்த்வே தாமே 1990-ல், வாலிப வயதை எட்டியிருந்த பழைய நோயாளிகளைச் சோதித்தபோது, பலருக்கு மூச்சுக் குழல்கள் இன்னும் குறுகியே இருந்தன.

அம்மையாரிடம் இவ்வளவையும் நாம் சொல்லவில்லை. "உங்கள் பெண் பத்து மாதம் நிறைந்து பிறந்தவள், அம்மா. பேத்தியின் நுரையீரல் இன்னும் கட்டி முடியாத வீடு. சுவர் எழும்பும்போதே புகை அடிக்கலாமா?" என்று மட்டும் கேட்டோம். சாம்பிராணியோடு சிகரெட்டும் கொசுவர்த்தியும் விறகடுப்பும் இப்பட்டியலில் சேரும் என்றோம். "வருகிறவர்கள் கையைக் கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும்; சளி பிடித்தவர்கள் எட்டியே நிற்கட்டும்; தாய்ப்பாலை விடவே கூடாது" என்று டாக்டர் சொன்னதை நண்பரும் சேர்த்துச் சொன்னார்.

அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தூபக்காலை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய், கங்கின்மேல் ஒரு செம்பு ஜலத்தைக் கொட்டினார். திரும்பி வந்தபோது, "சளி பிடித்தவர்கள் எட்டி நிற்க வேண்டும் என்றீர்களே, மாப்பிள்ளை, காலையிலிருந்து நீங்கள்தான் தும்முகிறீர்கள்" என்றார்.