100-ல் 89 ஓ.கே... மீதி 11 எங்கே? தடுப்பூசி கணக்கில் நழுவும் குழந்தைகள்

வெள்ளகோவில்: தமிழ்நாட்டில் 100 குழந்தைகளில் 89 பேருக்கு தடுப்பூசி முழுசா போட்டாச்சு என்கிறது மத்திய அரசின் தேசிய குடும்ப நல ஆய்வு. 2019-21-ல் நடந்த 5-வது ஆய்வின் கணக்கு இது. அகில இந்திய அளவில் இது 76 சதவீதம்தான். நம்ம மாநிலம் எங்கேயோ மேலே நிற்கிறது. சந்தோஷம்தான்.

ஆனா இந்த 89 எப்படி வந்தது? வீடு வீடா எண்ணிப் பார்த்தாங்களா? விட்டுப்போன 11 குழந்தைகள் எந்த ஊர், எந்தத் தெரு? இந்தக் கேள்விக்கு சதவீதம் பதில் சொல்லாது. அந்த 11-ல் ஒண்ணு வெள்ளகோவில் விசைத்தறி லைன் வீட்டுலயும் இருக்கலாம், நூல் மில் குடியிருப்புலயும் இருக்கலாம்.

கணக்கு 2 வகை

தடுப்பூசி கணக்கு எடுக்க 2 வழி இருக்கு. முதல் வழி, பதிவேடு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை குழந்தைக்கு ஊசி போட்டாங்களோ அதை, அந்தப் பகுதியில் இருக்க வேண்டிய குழந்தைகளின் எண்ணிக்கையால் வகுப்பாங்க. வர்றது சதவீதம்.

சிக்கல் எங்கேன்னா, 'இருக்க வேண்டிய குழந்தைகள்' என்பது பல நேரம் உத்தேசக் கணக்கு. கடைசியா மக்கள்தொகை கணக்கெடுப்பு நடந்தது 2011-ல். அதுக்கு அப்புறம் ஊர் எவ்வளவோ மாறிப்போச்சு.

கொங்கு பக்கம் தலைப்பிரசவம் என்றால் பொண்ணு அம்மா வீட்டுக்குப் போயிடும். முதல் ஊசி தாராபுரத்துல, அடுத்த ஊசி வெள்ளகோவில்ல. எந்த ஊர் கணக்குல சேர்ப்பது? ஒரு ஊர்ல 100-க்கு 105 என்று வரும். பக்கத்து ஊர்ல 90-ன்னு நிற்கும். 100 குழந்தைக்கு 105 பேருக்கு ஊசி போட முடியுமா? பேப்பர்ல முடியும்!

ஒரு சோறு பதம்

இரண்டாவது வழி, வீட்டுக்கே போய் கேட்பது. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அதே கதைதான். உலக சுகாதார நிறுவனம் 1970-களின் கடைசியிலேயே இதுக்கு ஒரு சுலப வழி வைத்திருந்தது. 30 இடங்களை குலுக்கல் முறையில் எடுத்து, இடத்துக்கு 7 குழந்தை வீதம் 210 குழந்தைகளைப் பார்த்தால் போதும், ஒரு வட்டாரத்தின் நிலவரம் ஓரளவு பிடிபட்டுவிடும்.

தேசிய குடும்ப நல ஆய்வும் இந்த ரகம்தான். 5-வது ஆய்வில் தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 28 ஆயிரம் வீடுகளுக்குப் போனார்கள். 12 மாதம் முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தைக்கு காசநோய் தடுப்பூசி, போலியோ சொட்டு மருந்து 3 தடவை, முத்தடுப்பு அல்லது ஐந்து நோய் தடுப்பூசி 3 தடவை, தட்டம்மை ஊசி ஒரு தடவை... இத்தனையும் போட்டிருந்தாத்தான் 'முழுசு'. ஒண்ணு குறைஞ்சாலும் கணக்கில் வராது.

முதல்ல தடுப்பூசி அட்டையைக் கேட்பாங்க. அட்டை இல்லைன்னா அம்மா சொல்றதுதான் சாட்சி. அங்கதான் வில்லங்கம். 'எல்லா ஊசியும் போட்டாச்சுங்க' என்று நல்ல மனசோட சொல்லிடுவாங்க. எத்தனை தடவை, எப்போ என்றால் நினைவு இருக்காது. தனியார் ஆஸ்பத்திரியில் போட்டு, சீட்டைத் தொலைத்தவங்க கதையும் இதேதான்.

சறுக்கிய தமிழ்நாடு

இந்த ஆய்வுகளை வரிசையா வச்சுப் பார்த்தா ஒரு அதிர்ச்சி இருக்கு. 1998-99-ல் தமிழ்நாடு 89 சதவீதம். 2005-06-ல் 81. 2015-16-ல் 70-க்கு வந்துவிட்டது! அதே காலத்தில் நாடு முழுக்க 42, 44, 62 என்று ஏறியது. நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் இறங்கிக்கொண்டே வந்தது. பிறகு 2019-21-ல் மறுபடி 89. அதாவது 20 வருஷம் கழிச்சு கிளம்பின இடத்துக்கே வந்திருக்கோம்.

ஏன் சறுக்கியது? 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை தடுப்பூசி போட்ட பிறகு 4 குழந்தைகள் இறந்த சம்பவம் மாநிலத்தையே உலுக்கியது. அதுக்கு அப்புறம் கிராமத்துக்கே வந்து நர்சம்மா ஊசி போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கும் சுகாதார நிலையத்துக்கு குழந்தையைத் தூக்கி வரச் சொன்னாங்க. பாதுகாப்புக்காக எடுத்த முடிவுதான். ஆனா தினக்கூலிக்குப் போற அம்மாவுக்கு அன்னைக்கு சம்பளம் போச்சு, பஸ் செலவு வேற. வீட்டு வாசலுக்கு வந்த ஊசி தூரம் போனதும் சில பேர் விட்டுட்டாங்க.

முழுப் பழியையும் 2008 மேல போடவும் முடியாது. 2005-06 ஆய்விலேயே சரிவு தெரிந்துவிட்டதே! அட்டை கையில் இல்லாதது, தனியார் ஆஸ்பத்திரி கணக்கு சேராதது எல்லாம் கலந்த விவகாரம் இது.

2017-ல் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்தி வேற கிளம்பியது. பள்ளிக்கூட வாசலில் பெற்றோர் பயந்து நின்றதும், முகாமை நீட்டிக்க வேண்டி வந்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

வெள்ளகோவிலுக்கு எத்தனை?

'அதெல்லாம் இருக்கட்டும், நம்மூர் சதவீதம் எவ்வளவு?' என்று கேட்டால், இந்த ஆய்வில் பதில் இல்லை. 2015-16-ல்தான் முதல்முறையா மாவட்ட வாரியா கணக்கு தந்தாங்க. ஊர் வாரியா கிடையாது.

மாவட்டக் கணக்கையும் ஜாக்கிரதையா படிக்கணும். மாவட்டத்துக்கு சுமார் 900 வீடு. அதுல அந்த வயசுக் குழந்தை 40, 50 பேர்தான் தேறும். ஒரே ஒரு குழந்தை விட்டுப்போனாலும் சதவீதம் 2 புள்ளி இறங்கிடும். இதை வச்சு 'அந்த மாவட்டம் பாஸ், இந்த மாவட்டம் பெயில்' என்று சொல்வது சரியில்லை.

இங்கே இன்னொரு விஷயமும் இருக்கு. திருப்பூர் மாவட்ட மில்களுக்கும் தறிகளுக்கும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டில் இருந்து குடும்பத்தோட வந்து வேலை பார்க்கிறாங்க. சொந்த ஊர் பட்டியலில் குழந்தையின் பேர் இருக்கும், குழந்தை இருக்காது. இந்த ஊரில் குழந்தை இருக்கும், பட்டியலில் பேர் இருக்காது. இரண்டு கணக்கிலும் நழுவுவது இப்படித்தான்.

ஒரு ஊசியும் போடாத 9 லட்சம்

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் வருஷா வருஷம் நாடு வாரியா கணக்கு வெளியிடுது. முத்தடுப்பு ஊசி ஒண்ணுகூட போடாத குழந்தைகள் இந்தியாவில் 2023-ல் 16 லட்சம், 2024-ல் 9 லட்சம் என்கிறது அந்தக் கணக்கு. குறைஞ்சது நல்ல சேதி. 9 லட்சம் குழந்தை சின்ன எண்ணிக்கையும் இல்லை.

கணக்கை நேர்மையா பார்த்தா என்ன பலன் என்பதற்கு நைஜீரியா உதாரணம். 2016-17-ல் வீடு வீடா கேட்டபோது ஐந்து நோய் தடுப்பூசி 3 தடவையும் போட்டவங்க 33 சதவீதம்தான் என்று தெரிந்தது. அரசு மூடி மறைக்கவில்லை. தடுப்பூசிக்காக அவசர நிலையே அறிவித்தது.

தட்டம்மை பரவாமல் இருக்க 100-ல் 95 பேருக்கு பாதுகாப்பு வேணும். 89 என்பது நல்ல மார்க்தான், ஆனா தட்டம்மைக்கு பாஸ் மார்க் இல்லை. அதுவும் விட்டுப்போனவங்க ஒரே தெருவில் ஒண்ணா இருந்தா, மாநிலத்தோட 89 அந்தத் தெருவைக் காப்பாத்தாது. 2018-ல் சத்தியமங்கலம் மலைப்பகுதியில் தொண்டை அடைப்பான் நோய் தலைகாட்டியது நினைவிருக்கட்டும்.

அட்டை பத்திரம்!

இப்போ 'யூ-வின்' என்ற இணையதளத்தில் குழந்தை வாரியா ஊசி விவரம் பதிவாகுது. 2023-ல் ஒவ்வொரு மாநிலத்திலும் 2 மாவட்டத்தில் சோதனையா ஆரம்பிச்சது. குழந்தை எந்த ஊருக்குப் போனாலும் விவரம் கூடவே வரும் என்பதுதான் திட்டம். ஆனா பேரை ஒருத்தர் பதியணுமே! வாடகைக்கு 6 மாசம் தங்கிப் போற குடும்பத்தைத் தேடிப் போற நர்சம்மாவும், அங்கன்வாடி டீச்சரும் இல்லாம எந்தக் கம்ப்யூட்டரும் கணக்கை நேர் பண்ணாது. மில் முதலாளிகளும் வீட்டு ஓனர்களும் 'எங்ககிட்ட இத்தனை குழந்தை இருக்கு' என்று ஒரு தகவல் கொடுத்தா பாதி வேலை முடிஞ்சது.

பெற்றோர் செய்ய வேண்டியது ஒண்ணுதான். தடுப்பூசி அட்டையை ரேஷன் கார்டு மாதிரி பத்திரமா வைங்க. தேதி தவறிப்போனாலும் பயப்பட வேண்டாம். முதல்ல இருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை, விட்ட ஊசியில் இருந்து தொடரலாம். அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஊசி இலவசம். எந்த ஊர்க்காரர், எந்த மாநிலத்துக்காரர் என்ற பேச்சே இல்லை.