பழைய கார் ஓடும், நிற்குமா?

அம்பாசிடர் காரைத் தெரியாதவர்கள் நம் நாட்டில் குறைவு. மந்திரியும் அதில்தான் போனார். கல்யாணக் கோஷ்டியும் அதில்தான் போயிற்று. இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைப் பார்த்து அமைத்த கார் அது. மேற்கு வங்காளத்தில் உள்ள உத்தரபாரா தொழிற்சாலையில் 1950-களின் கடைசியில் உற்பத்தி தொடங்கியது. 2014-ம் ஆண்டு மே மாதம் உற்பத்தி நின்றது.

தொழிற்சாலை நின்றாலும் கார்கள் நிற்கவில்லை. "தாத்தா வாங்கிய கார்" என்று பாசத்தோடு வைத்திருப்பவர்கள் உண்டு. புதுப் பெயிண்ட் அடிக்கிறார்கள். சீட்டுக்கு உறை தைக்கிறார்கள். என்ஜினைப் பிரித்துப் பூட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோவிலுக்குக் கிளம்புகிறார்கள்.

எல்லாம் சரி. அவசரத்துக்கு அந்தக் கார் நிற்குமா? நின்றால், உள்ளே இருப்பவர்களுக்கு என்ன ஆகும்? இந்த இரண்டு கேள்விகளையும்தான் முதலில் கேட்க வேண்டும்.

பாதை மாறிவிட்டது

அந்தக் காலத்தில் எல்லா வண்டிக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி பிரேக். முன்னால் போகிற வண்டியும் மெதுவாகத்தான் நிற்கும். பின்னால் வருகிற வண்டியும் மெதுவாகத்தான் நிற்கும். இன்று முன்னால் போவது புதுக் கார். அது சட்டென்று நின்றுவிடும். பழைய கார் அப்படி நிற்காது. கார் பழசு, பாதை புதுசு. ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

ஒரு கணக்கைக் கவனியுங்கள். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகிற கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் போய்விடும். டிரைவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள் இவ்வளவு தூரம் போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு!

டிரம்மும் டிஸ்க்கும்

பழைய அம்பாசிடரின் நான்கு சக்கரங்களிலும் இருப்பது டிரம் பிரேக். பானை போன்ற இரும்பு டிரம் சக்கரத்தோடு சுற்றும். பெடலை மிதித்தால் உள்ளே இருக்கும் இரண்டு "ஷூ"க்கள் விரிந்து டிரம்மை உரசும். அந்த உரசலில் வேகம் சூடாக மாறுகிறது. மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால், மூடிய டிரம்முக்குள் சூடு தங்கிவிடும். டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். லைனிங் பிடிப்பை இழக்கும். பெடல் கீழே போகும், கார் நிற்காது. இறக்கத்தில் சின்ன கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொன்னது இதற்காகத்தான்.

டிஸ்க் பிரேக் அப்படி அல்ல. தட்டு வெளியில் காற்றுபடச் சுற்றுகிறது. இரண்டு பக்கமும் பேட் வந்து கவ்வுகிறது. சூடு சீக்கிரம் ஆறும். தண்ணீர் பட்டாலும் சீக்கிரம் உலரும். பிற்காலத்து அம்பாசிடர்களில் முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வந்தது. ஆகவே மாற்ற விரும்புகிறவர்கள் வேறு ஜாதிக் காரின் பாகத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

முதலில் செய்ய வேண்டியது

டிஸ்க் வாங்கும் முன்பு, இருக்கிற பிரேக்கை ஒழுங்கு செய்ய வேண்டும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் குழாய் உள்ளே துருப்பிடிக்கும். சூட்டில் ஆவியாகிப் பெடல் பஞ்சு போல ஆகிவிடும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றுவது நல்லது. ரப்பர் குழாய்கள் வெளியில் நன்றாகத் தெரியும். உள்ளே வீங்கி அடைத்திருக்கும். அவற்றையும் மாற்ற வேண்டும். பிரேக்கின் ரப்பர் பாகங்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவவே கூடாது, ஊதிப்போகும்.

பழைய லைனிங்கில் கல்நார் இருந்திருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம். டிரம்மைக் கழற்றியதும் வாயால் ஊதுவதும், காற்றுப் பம்பால் அடிப்பதும் ஆபத்து. ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

அடுத்தது மாஸ்டர் சிலிண்டர். பழைய கார்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே வழிதான். ஒரு குழாய் வெடித்தால் நான்கு பிரேக்கும் போய்விடும், கைப்பிரேக்தான் கதி! இரண்டு வழி உள்ள சிலிண்டரில் ஒன்று போனாலும் மற்றது வேலை செய்யும். உயிரைக் காப்பதில் டிஸ்க்குக்கு இது இளைத்தது அல்ல.

டிஸ்க் போடும்போது அதற்கு ஏற்ற மாஸ்டர் சிலிண்டரும் வேண்டும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரேக் அளவு பொருந்த வேண்டும். பின் சக்கரம் முதலில் இறுகினால் கார் சுழன்றுவிடும். டயரையும் மறக்கக் கூடாது. பிரேக் சக்கரத்தை நிறுத்தும். காரை நிறுத்துவது டயர்தான்.

பெல்ட் இல்லாத சீட்டு

கார் நின்றுவிட்டது. உள்ளே இருப்பவர்கள் நிற்கவில்லையே! மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போய்ச் சுவரில் மோதுவது, மூன்று மாடி உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். "கையை ஊன்றிக்கொள்வேன்" என்பது வீண் பேச்சு. அதிலும் பழைய காரின் டாஷ்போர்டு இரும்பு. ஸ்டியரிங் தண்டு மடங்காது. நேராக மார்பை நோக்கி வரும்.

தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட்டை 1959-ல் ஸ்வீடன் நாட்டு வால்வோ கம்பெனிக்காக அமைத்தவர் நில்ஸ் போலின். அதற்கு முன்பு விமானத்திலிருந்து விமானி தப்பிக்கும் ஆசனங்களை அமைத்தவர் அவர். மற்ற கம்பெனிகளும் அந்தப் பெல்ட்டைச் செய்துகொள்ள வால்வோ விட்டுக்கொடுத்தது.

இந்தியாவில் முன் சீட்டு பெல்ட்டை வைத்தே கார் விற்க வேண்டும் என்ற விதி 1994-ல் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய கார்கள் பலவற்றில் பெல்ட்டே கிடையாது.

2022-ம் ஆண்டில் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இவர்களில் 16,715 பேர் சீட் பெல்ட் அணியாதவர்கள் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அந்த 16,715 பேரில் 8,331 பேர் வண்டி ஓட்டியவர்கள் அல்ல, உடன் சென்றவர்கள். அதே ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி, மராட்டிய மாநிலம் பால்கர் அருகே விபத்தில் இறந்தார். பின் சீட்டில் இருந்த அவர் பெல்ட் போடவில்லை என்று போலீசார் தெரிவித்தனர். அவர் சென்றது விலை உயர்ந்த நவீனக் கார். அதற்கே இந்தக் கதி என்றால், பழைய காரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கே பூட்டுவது?

பெல்ட் வாங்கினால் மட்டும் போதாது. மெல்லிய தகட்டில் துளை போட்டு போல்ட் முடுக்கினால், மோதலில் போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். துருப்பிடித்த தரையும் உதவாது. பூட்டும் இடத்தின் பின்புறம் கனமான இரும்புத் தகடு வைத்துப் பலப்படுத்த வேண்டும். தோள் பெல்ட் கதவுத் தூணில் தோள் உயரத்துக்குக் குறையாமல் அமைய வேண்டும். உடைத்த காரிலிருந்து எடுத்த பெல்ட் வேண்டாம். ஒரு மோதலைத் தாங்கிய பெல்ட் மறு மோதலைத் தாங்கும் என்று நம்ப முடியாது. ஒரு பெல்ட்டுக்கு ஒரு ஆள். குழந்தையை மடியில் வைத்துச் சேர்த்துக் கட்டினால், பெரியவரின் பாரம் குழந்தையை நசுக்கிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

50 வருஷத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 2021-ல் மத்திய அரசு தனி விதி செய்தது. சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத காரைத்தான் "விண்டேஜ்" என்று பதிவு செய்யலாம். அப்படிப் பதிவான கார் கண்காட்சி, ஊர்வலம் போன்ற காரியங்களுக்கு மட்டுமே. தினசரி ஓட்ட முடியாது. ஆகவே எந்த மாற்றம் செய்தாலும் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. கழற்றிய பழைய பாகங்களை எறியாமல் வைத்திருந்தால், வேண்டும்போது மறுபடியும் பூட்டிக்கொள்ளலாம்.

"பிரேக்கை மாற்றினால் பழமை கெட்டுவிடுமே" என்று சிலர் வருந்துகிறார்கள். கண்ணாடிக் கூண்டில் வைக்கிற காருக்கு அந்த வருத்தம் நியாயம். மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு ரோட்டில் போகிற காருக்கு அது பொருந்தாது. பிரேக்கும் பெல்ட்டும் வெளியில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அதிகம் தெரியாது. காரின் அழகு குறையப் போவதில்லை.

கையில் பணம் கொஞ்சம்தான் இருக்கிறதா? பெயிண்ட் காத்திருக்கட்டும். பிரேக்கும் பெல்ட்டும் காத்திருக்கக் கூடாது.